புதுக் குட்டி வந்தாச்சு, வீட்டுப் பூனை சீறுது: என்ன செய்வது?

மாலை மழை. பினாங்கு, ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையில், ஓர் அட்டைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து சன்னமான கத்தல் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குட்டி. வால் நுனி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மனசு கேட்கவில்லை. பைக்குள் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டீர்கள்.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. எட்டு வயது. சோபாவின் வலது மூலை அதற்குச் சொந்தம். குட்டியை அதன் முன்னால் இறக்கிவிட்டு, "இதோ பாரு, உனக்குத் தம்பி வந்திருக்கான்" என்கிறீர்கள். அடுத்த நொடி ஒரு சீறல், ஓர் அறை. குட்டி அலமாரிக்கு அடியில். பெரிய பூனை பீரோவுக்கு மேலே.

"விடு, மூணு நாள்ல பழகிடும்" என்பார் பாட்டி. சில வீடுகளில் அப்படியே நடக்கிறது. நடக்காத வீடுகளில்தான் பிரச்சினை. மூன்று நாள் மூன்று வாரம் ஆகும். சண்டை நிற்காது. பெரிய பூனை மெத்தையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கும். கடைசியில் குட்டி மறுபடியும் அட்டைப் பெட்டிக்குள் போகும், இந்த முறை ஏதாவது ஒரு சந்தைக்குப் பக்கத்தில்.

இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும். இரண்டு பூனைகளும் முதலில் வாசனையால் பழக வேண்டும், அதற்குப் பிறகு பார்வையால், கடைசியாகத்தான் நேரில். ஏன் இந்த வரிசை, ஒரு சின்ன ஃபிளாட்டில் இதை எப்படிச் செய்வது என்பதைப் பார்ப்போம்.

பேச வசதியாக, பெரிய பூனையை 'ராணி' என்றும் குட்டியை 'முறுக்கு' என்றும் கூப்பிட்டுக்கொள்வோம். முறுக்கின் வால் அடிபட்டு வளைந்தது என்று பயப்பட வேண்டாம். மலேசியா உட்பட தென்கிழக்கு ஆசியாவின் தெருப் பூனைகளுக்குப் பிறவியிலேயே முடிச்சு வாலும் கட்டை வாலும் இருப்பது சகஜம்.

சுவரில் பூனை, தெருவில் பூனை

ஜோர்ஜ்டவுனுக்கும் பூனைக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமானது இந்த நகரம். 2012-ல் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் ஓவியத்துக்குப் பிறகு, சுவரோவியம் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு, 2013 ஜோர்ஜ்டவுன் விழாவின்போது, 'ஆர்டிஸ்ட்ஸ் ஃபார் ஸ்ட்ரே அனிமல்ஸ்' என்ற கலைஞர் குழு '101 தொலைந்த பூனைக்குட்டிகள்' என்ற திட்டத்தைத் தொடங்கிப் பழைய நகரின் சுவர்களில் பூனைகளை வரைந்தது. ஆர்மேனியன் தெருப் பக்கத்து 'ஸ்கிப்பி' என்ற ராட்சதப் பூனையோடு செல்ஃபி எடுக்காதவர்கள் குறைவு.

அந்த ஓவியங்களின் நோக்கம் அழகு மட்டுமல்ல. ஆதரவற்ற விலங்குகளைக் கவனியுங்கள், ஒதுக்காதீர்கள் என்பதுதான் அவை சொன்ன செய்தி. அதைக் கேட்டு ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டு வருவது பாதி வேலைதான். அந்தக் குட்டி அந்த வீட்டிலேயே தங்குவதுதான் மீதிப் பாதி.

ராணி ஏன் சீறுகிறது? பொறாமையா?

அப்படித்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் 'பொறாமை' என்பது மனிதக் கணக்கு. பூனையின் கணக்கு வேறு.

நம் வீட்டுப் பூனைகளின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடி, தனக்கென ஓர் எல்லை வைத்து வாழும் விலங்கு. நாயின் மூதாதையான ஓநாயைப் போலக் கூட்டமாகப் போய் இரை பிடிப்பதில்லை. தானியக் களஞ்சியத்து எலிகளைத் தேடி மனிதனுக்கு அருகில் வந்த பூனை, அப்படியே ஒட்டிக்கொண்டது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-ல் அறிவித்தார்கள். அவ்வளவு பழைய சிநேகம். ஆனாலும் தன் எல்லை தனக்கு என்ற குணம் முழுசாகப் போகவில்லை.

பூனைகள் சேர்ந்து வாழவே மாட்டாதா? வாழும். உணவு தாராளமாகக் கிடைக்கும் சந்தை, துறைமுகம் போன்ற இடங்களில் கூட்டமாக இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் கவனித்தால், அவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று உறவுள்ள பெண் பூனைகளும் அவற்றின் குட்டிகளுமாக இருக்கும். முன்பின் தெரியாத பூனை நுழைந்தால், அந்தக் கூட்டமே விரட்டும்.

யார் சொந்தம், யார் அந்நியம் என்பதைப் பூனை எப்படி முடிவு செய்கிறது? மூக்கை வைத்துத்தான். பூனையின் கன்னம், நெற்றி, மோவாய், பாதம் ஆகிய இடங்களில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. உங்கள் காலில் ராணி முகத்தைத் தேய்க்கிறதே, அது கொஞ்சல் மட்டுமல்ல. தன் வாசனையை உங்கள் மேல் பூசுகிறது. சோபா, கதவு நிலை, பாட்டியின் நாற்காலி எல்லாவற்றிலும் அது பூசி வைத்திருக்கிறது. ராணிக்கு வீடு என்பது சுவரும் கூரையும் இல்லை, அந்த வாசனை வரைபடம்தான்.

அந்த வரைபடத்தின் நடுவில் திடீரென்று ஓர் அந்நிய வாசனை வந்து நிற்கிறது. ராணி சீறாமல் என்ன செய்யும்? உண்மையில் சீறல் என்பது சண்டைக்கான அழைப்பு இல்லை. "கிட்ட வராதே, எனக்குப் பயமா இருக்கு" என்பதுதான் அதன் அர்த்தம். சண்டையைத் தவிர்க்கவே பூனை சீறுகிறது. அதனால் சீறியதற்காக ராணியைத் திட்டாதீர்கள். திட்டினால், 'இந்தக் குட்டி பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் எனக்குக் கெட்டது நடக்கிறது' என்ற பாடத்தைத்தான் அது படித்துக்கொள்ளும்.

முதல் சந்திப்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

காப்பகத்திலிருந்து பூனையைத் தத்தெடுத்து, ஏற்கெனவே பூனை இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனவர்களிடம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் ஆரம்பத்திலேயே கீறலும் கடியுமாகச் சண்டை நடந்ததாகச் சொன்னார்கள். முதல் சந்திப்பு மோசமாக அமைந்த வீடுகளில், மாதங்கள் கழித்தும் சண்டை தொடரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

அதாவது, 'முதல்ல அடிச்சுக்கட்டும், பிறகு தானா சரியாயிடும்' என்பது ஆபத்தான கணக்கு. முதல் அறை விழுவதற்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே விழுந்துவிட்டதா? டென்ஷன் வேண்டாம். இரண்டையும் பிரித்து வைத்து, கீழே உள்ள படிகளை முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் முன்: வெட்

தெருவில் கிடைத்த குட்டி என்றால், முதல் நிறுத்தம் கால்நடை மருத்துவரிடம்தான். இது முறுக்குக்காக மட்டுமல்ல, ராணிக்காகவும் உங்களுக்காகவும்.

தெள்ளுப்பூச்சி, காதுப் பூச்சி, குடல் புழு ஆகியவை தெருக் குட்டிகளிடம் சாதாரணம். படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். பூனைகளைத் தாக்கும் பார்வோ வகை வைரஸ் இன்னும் கொடியது. தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கு அது அசையாது. ஒரு பங்கு வீட்டு பிளீச்சை 30 பங்கு தண்ணீரில் கலந்து துடைத்து, பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். டெட்டால் போன்றவற்றைப் பூனை நடமாடும் தரையில் பயன்படுத்த வேண்டாம். பாதத்தை நக்கும் பூனைக்கு அது விஷம்.

மலேசியாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய் இங்குள்ள பூனைகளிடம் காணப்படுகிறது. மூக்கின் மேலோ பாதத்திலோ ஆறாத புண், வீக்கம், நீர் வடிதல் இருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். கடி, கீறல் வழியாக மற்ற பூனைக்கும் மனிதருக்கும் பரவும். சிகிச்சை உண்டு, ஆனால் மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும்.

பூனை எய்ட்ஸ், பூனை ரத்தப் புற்று என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் இரண்டு வைரஸ்களுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. இவை மனிதருக்குத் தொற்றாது. குட்டிக்குத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போடப்படும். ராணியின் தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் அது குட்டியாக இருந்தபோது போட்டதோடு சரி.

குட்டி மிகச் சிறியதாக, இன்னும் தானாகச் சாப்பிடத் தெரியாத நிலையில் இருந்தால், நாம் குடிக்கும் பசும்பால் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்துவிடும். பூனைக்குட்டிகளுக்கான பால் மாவு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும்.

படி 1: தனி அறை

குறைந்தது இரண்டு வாரம் முறுக்கு ஒரு மூடிய அறையில் தனியாக இருக்கட்டும். நோய் ஏதாவது இருந்தால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதே சமயம், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்பது ராணிக்கும் மெதுவாகப் பழகும்.

அறைக்குள் உணவு, தண்ணீர், மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி. அவ்வளவுதான். உணவுக் கிண்ணமும் மணல் தட்டும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம். கழிவறைக்குள் உட்கார்ந்து சாப்பிட நமக்குப் பிடிக்குமா?

"எங்க வீடு ரெண்டு ரூம் ஃபிளாட், தனி அறைக்கு எங்க போறது?" என்று கேட்கலாம். ரைஃபிள் ரேஞ்ச் போன்ற பழைய அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு இது நியாயமான கேள்வி. உங்கள் படுக்கையறையே போதும். அதுவும் முடியாவிட்டால், மடக்கக்கூடிய பெரிய கூண்டு ஒன்றை, ராணி அதிகம் போகாத மூலையில் வைத்து, மூன்று பக்கமும் துணியால் மூடுங்கள். ராணி தூங்கும் இடத்தை மட்டும் முறுக்குக்குக் கொடுக்காதீர்கள். இடம் பறிபோனது என்ற எண்ணத்தோடு எந்த உறவும் நன்றாகத் தொடங்காது.

அப்புறம், ஜன்னல். மாடி வீடு என்றால் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை கட்டுங்கள். குட்டிகளுக்கு உயரம் தெரியாது.

படி 2: வாசனைப் பரிமாற்றம்

இந்தப் படியைத் தாவாதீர்கள்.

சுத்தமான காலுறை ஒன்றை எடுத்து முறுக்கின் கன்னத்தில் மெதுவாகத் தேயுங்கள். அதை ராணி நடமாடும் இடத்தில் வையுங்கள், மூக்குக்கு முன்னால் நீட்ட வேண்டாம். அது தானாக வந்து முகரட்டும். இன்னொரு காலுறையில் ராணியின் வாசனையை எடுத்து முறுக்கிடம் வையுங்கள்.

முகர்ந்துவிட்டு ராணி வாயைக் கொஞ்சம் திறந்து, முகம் சுளித்தது போல நின்றால் கவலை வேண்டாம். அண்ணத்தில் வாசனையை ஆராயும் ஒரு தனி உறுப்பு பூனைக்கு இருக்கிறது. அதைத்தான் அது பயன்படுத்துகிறது.

காலுறையைப் பார்த்துச் சீறினால், இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். காலுறைக்குப் பக்கத்தில் ராணிக்குப் பிடித்த தீனியைக் கொஞ்சம் வையுங்கள், அவித்த கெம்போங் மீன் என்றாலும் சரி. சில நாட்களில் அதை மதிக்காமல் தாண்டிப் போனால், நீங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள். பூனை உலகில் அலட்சியம் நல்ல சகுனம்.

அடுத்து, இடத்தை மாற்றுங்கள். முறுக்கை வேறு அறையில் வைத்துவிட்டு, ராணியை அந்தத் தனி அறைக்குள் அரை மணி நேரம் உலாவ விடுங்கள். முறுக்கு வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும். நேரில் பார்க்காமலேயே இருவரின் வாசனையும் வீடெங்கும் கலக்கும். ஆனால் வெட் 'குட்டிக்குத் தொற்று எதுவும் இல்லை' என்று சொன்ன பிறகே காலுறையையும் இடத்தையும் மாற்றத் தொடங்குங்கள்.

படி 3: கதவுக்கு இருபுறமும் சாப்பாடு

மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ராணியின் கிண்ணம், அந்தப் பக்கம் முறுக்கின் கிண்ணம். முதலில் தள்ளி வையுங்கள். இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால், ஒவ்வொரு நாளும் ஒரு சாண் கிட்டே நகர்த்துங்கள். யாராவது சாப்பிடுவதை நிறுத்தினால், முந்தைய நாள் தூரத்துக்கே திரும்புங்கள். அந்த வாசனை வந்தால் நல்ல சாப்பாடு வரும் என்ற கணக்கு மண்டைக்குள் ஏற வேண்டும், அதுதான் நோக்கம்.

படி 4: பார்க்கலாம், தொடக் கூடாது

இப்போது கதவைத் திறக்கலாம், ஆனால் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். குழந்தைகளுக்கான தடுப்புக் கேட், கொசுவலைக் கதவு, எதுவானாலும் சரி. நம் வீட்டு இரும்பு கிரில்லை மட்டும் நம்பாதீர்கள், அந்த இடைவெளியில் குட்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் வலையை அதில் கட்டிவிடுங்கள். முதலில் பாதிக்கு மேல் துணி போட்டு மறைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். ஒரு சீறல் வந்தால் பரவாயில்லை. கண்ணெடுக்காமல் வெறித்துப் பார்ப்பது, உடம்பு விறைப்பது, அடித்தொண்டையில் உறுமுவது என்றால் துணியை இறக்கி அன்றைக்கு முடித்துவிடுங்கள்.

படி 5: நேரில்

முறுக்கை முதலில் நன்றாக விளையாட வைத்துக் களைக்க வையுங்கள். ராணியின் பிரச்சினை முறுக்கின் குணத்தைவிட அதன் வேகம்தான். நாள் முழுக்கத் தூங்க விரும்பும் எட்டு வயதுப் பூனையின் வாலைப் பிடித்து இழுக்க நினைக்கும் குட்டி அது. அந்தத் துள்ளலை நீங்கள் இறகுக் குச்சியால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு தடுப்பை எடுங்கள். இருவரையும் தூக்கிப் பிடிக்காதீர்கள், பூனையைக் கையில் பிடித்து இன்னொரு பூனை முகத்துக்கு நேராக நீட்டவே கூடாது. தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்தால் நகம் உங்கள் கையில்தான் பாயும். ராணி ஏறி உட்கார உயரமான இடம் ஒன்று இருக்கட்டும். முதல் நாள் ஐந்து, பத்து நிமிடம். பிறகு கூட்டுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் இன்னும் சில வாரம் பிரித்தே வையுங்கள்.

மொத்தம் எவ்வளவு நாள்? சில வீடுகளில் மூன்று, நான்கு வாரம். சில வீடுகளில் சில மாதம். வேகத்தை முடிவு செய்வது நீங்கள் அல்ல, இருவரில் அதிகம் பயப்படும் பூனை.

விளையாட்டா, சண்டையா?

இரண்டும் கட்டிப் புரளும்போது நமக்குப் பதறும். 2023-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, பூனைகள் இரண்டிரண்டாகப் பழகும் 105 காணொளிகளை அலசியது. சத்தமில்லாமல் கட்டிப் புரள்வது பெரும்பாலும் விளையாட்டோடு சேர்ந்து வந்தது. சத்தம் போடுவதும் துரத்துவதும் சண்டையோடு சேர்ந்து வந்தன. இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் விளையாட்டும் கொஞ்சம் எரிச்சலுமாக ஒரு மூன்றாவது வகையும் இருந்தது. நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இந்த மூன்றாவதைத்தான்.

எளிய கணக்கு இது. அவரவர் முறை வருகிறதா, அதாவது ஒருமுறை இது துரத்தி, அடுத்தமுறை அது துரத்துகிறதா? நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறார்களா? சரி, விடுங்கள். ஒரே பூனை மட்டும் எப்போதும் ஓடி ஒளிகிறதா? காது மண்டையோடு ஒட்டியிருக்கிறதா? கத்தலா? நிறுத்துங்கள்.

நிறுத்துவது என்றால் கையை நடுவில் விடுவது அல்ல. ஒரு பெரிய அட்டையையோ தலையணையையோ இருவருக்கும் நடுவில் நுழையுங்கள். பூனைக் கடி பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆனால் பல் ஆழமாக இறங்கியிருக்கும். உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே கிளினிக் போங்கள்.

சத்தமில்லாத சண்டையும் உண்டு. முறுக்கு மணல் தட்டுக்குப் போகும் வழியில் ராணி சும்மா படுத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் முறுக்கு அந்தப் பக்கமே போகாது. அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் பூனைகளுக்கு இடையிலான இறுக்கம் பற்றி 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த ஓசையற்ற அடையாளங்களைக் கவனிக்கச் சொல்கிறது. அடிதடி இல்லை என்பதால் எல்லாம் சரி என்று ஆகாது.

எண்ணிக்கை கணக்கு

மணல் தட்டுக்கு ஒரு பழைய விதி உண்டு: பூனைகளின் எண்ணிக்கை, அதோடு ஒன்று. இரண்டு பூனை என்றால் மூன்று தட்டு. மூன்றையும் ஒரே மூலையில் அடுக்கினால் அது பூனைக்கு ஒரே தட்டுதான். வெவ்வேறு இடத்தில் வையுங்கள். கிண்ணம், தண்ணீர், படுக்கை, நகம் கீறும் பலகை எல்லாமே தனித்தனி. இடம் குறைவா? சுவரில் பலகை அடியுங்கள், அலமாரி உச்சியைக் காலி செய்யுங்கள். தரையில் இல்லாத இடத்தைப் பூனை உயரத்தில் எடுத்துக்கொள்ளும்.

சாப்பாடு, கொஞ்சல், மடி, எல்லாவற்றிலும் முதல் மரியாதை ராணிக்கே. குட்டி புதுசு என்று அதையே தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், ராணியின் நாள் ஒழுங்கு குலையும். பூனைக்கு ஒழுங்கு குலைவதே பெரிய பயம்.

பூனைவணங்கி வேண்டாம், பட்டாசு நேரமும் வேண்டாம்

பாட்டிகளுக்குத் தெரிந்த ஒரு செடி உண்டு. தமிழில் குப்பைமேனி. இன்னொரு பெயர் பூனைவணங்கி. மலாய்க்காரர்கள் அதை 'கூச்சிங் காலாக்' என்பார்கள். வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை மோப்பம் பிடித்து, உருண்டு புரண்டு, எச்சில் ஒழுக மயங்கி நிற்கும். மேல்நாட்டு கேட்னிப் செய்யும் அதே வேலை. 'இதைக் கொடுத்தால் ரெண்டும் குஷியாகி சிநேகமாகிவிடும்' என்று தோன்றலாம். அறிமுகக் காலத்தில் வேண்டாம். அந்தக் கிளர்ச்சியில் சில பூனைகளுக்குக் கோபமும் சேர்ந்து வரும்.

கடைகளில் விற்கும் பெரோமோன் டிஃப்யூசர் சில பூனைகளைக் கொஞ்சம் அமைதிப்படுத்தலாம். ஆனால் அது படிகளுக்குத் துணைதான், மாற்று இல்லை.

நாளும் பாருங்கள். தீபாவளி வாரம், சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளில் ஹொக்கியன் மக்கள் நள்ளிரவில் பட்டாசு கொளுத்தும் இரவு, தைப்பூசத்துக்கு உறவினர்கள் வந்து தங்கும் நாட்கள், வீடு மாறும் மாதம், இவற்றில் நேரடி அறிமுகம் வேண்டாம். ஏற்கெனவே மிரண்டிருக்கும் பூனை, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் மேல்தான் பாயும்.

எப்போது வெட்டைக் கூப்பிட வேண்டும்?

• ராணி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பூனை பட்டினி கிடந்தால், அதுவும் குண்டான பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குட்டிக்கு அரை நாள் பட்டினியே அதிகம்.

• மணல் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து, சிறுநீர் வராமல் முக்குகிறது. மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையைத் தாக்கும். ஆண் பூனைக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் அது அவசர நிலை. காலை வரை காத்திருக்க வேண்டாம்.

• எப்போதும் சாதுவாக இருந்த பூனை திடீரென்று தொட்டாலே கடிக்கிறது. வயதான பூனைகளுக்கு மூட்டு வலியும் பல் வலியும் சகஜம். வலியில் இருக்கும் பூனைக்குக் குட்டியைத் தாங்கும் பொறுமை இருக்காது.

• கடிபட்ட இடம் வீங்குகிறது. வீட்டில் இருக்கிறதே என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும்.

இன்னொன்று, முறுக்குக்கு நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுங்கள். ராணிக்குச் செய்யவில்லை என்றால் அதற்கும்தான். பருவம் வந்த ஆண் பூனை சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சத் தொடங்கினால், நீங்கள் மாதக்கணக்கில் கட்டிய சமாதானம் ஒரு வாரத்தில் உடையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015, வளர்ப்பு விலங்கின் தேவைகளைக் கவனிப்பதை உரிமையாளரின் கடமை என்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஃபிளாட், கொண்டோவில் இருப்பவர்கள் ஸ்ட்ராட்டா விதிகளையும் பார்க்க வேண்டும். அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் விலங்கை வைத்திருக்க அவை அனுமதிப்பதில்லை. இரவு முழுக்கச் சண்டையிட்டுக் கத்தும் இரண்டு பூனைகள் மேனேஜ்மெண்டிடமிருந்து கடிதம் வரவழைக்கப் போதும்.

எல்லாம் செய்தும் ஒத்து வரவில்லை என்றால்?

அதுவும் நடக்கும். சில பூனைகளுக்குத் தனியாக இருப்பதே பிடிக்கும். அது உங்கள் தோல்வி இல்லை. ஆனால் அப்போது முறுக்கைச் சந்தையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு, 'யாராவது சோறு போடுவாங்க' என்று திரும்பி வராதீர்கள். சில மாதம் வீட்டில் வளர்ந்த குட்டிக்குக் காரும் நாயும் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேளுங்கள். தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்த பூனைக்கு வீடு கிடைப்பது எளிது. ஜெலுத்தோங்கில் உள்ள பினாங்கு எஸ்பிசிஏ போன்ற அமைப்புகளிடம் ஆலோசனை கேட்கலாம். புது வீடு கிடைக்கும்வரை முறுக்கு உங்கள் அறையில்தான் இருக்கட்டும்.

ஒத்து வந்தால் எப்படி இருக்கும்? இணையத்தில் பார்க்கிற மாதிரி இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படி நடந்தால் போனஸ். ஒரே அறையில், ஆளுக்கொரு மூலையில், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் தூங்கினாலே போதும். ஒரு நாள் மாலை நீங்கள் வேலை முடிந்து வரும்போது, சோபாவின் வலது மூலையில் ராணியும், இடது மூலையில் முறுக்கும் படுத்திருக்கலாம். நீங்கள் தரையில் உட்கார வேண்டியதுதான்.